ஆட்டிசமும் அபூர்வ சித்திகளும்

ஆட்டிசம் என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில், ‘அந்தக் குழந்தைக்குள் ஏதோ ஓர் அபார சக்தி ஒளிந்திருக்கும்’ என்று பெற்றோருக்கு ஆறுதல் சொல்லும் வழக்கம் படித்தவர்களிடையே வெகுவாகப் பரவியிருக்கிறது. சொல்பவர்களுடைய நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. சொல்லப்படும் விஷயம் பரிசீலனைக்கு நிற்குமா என்பதே கேள்வி.

இந்த நம்பிக்கை ஊரறியப் பரவியது 1988-இல் வெளிவந்த ‘ரெயின் மேன்’ என்ற திரைப்படத்தால். டஸ்டின் ஹாஃப்மன் நடித்த அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுகோலாக இருந்தவர் அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த கிம் பீக். ஆயிரக்கணக்கான புத்தகங்களை மனத்தில் ஏற்றி வைத்திருந்த அவருக்கு, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றை பிறவியிலேயே இல்லை. சட்டைப் பித்தான் போட்டுக்கொள்வதற்கும் தகப்பனாரின் துணை வேண்டியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், அவருக்கு ஆட்டிசமே கிடையாது என்பதுதான் பிற்காலத்தில் நிபுணர்கள் கொண்ட அபிப்பிராயம். இத்தகையோரை ஆராய்வதிலேயே ஆயுளைச் செலவிட்ட விஸ்கான்சின் வைத்தியர் டேரல்ட் டிரெஃபர்ட், ஆட்டிசம் உள்ளவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கே இவ்வாற்றல் உண்டென்றும், இவ்வாற்றல் பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஆட்டிசம் இல்லையென்றும் கணித்தார். இதைவிடக் கூடுதலாகச் சொல்லும் கணக்குகளும் உண்டு. எல்லோருக்கும் உண்டு என்று சொல்லும் கணக்கு எதுவும் இல்லை.

‘ஆட்டிசம் உடையவர்கள் அனைவரும் சித்திரங்களாகவே சிந்திக்கிறார்கள்’ என்பது அடுத்த கூற்று. கால்நடைகள் மிரளாமல் நடந்துசெல்லும் வளைவுப் பாதைகளை வடிவமைத்துப் புகழ்பெற்ற டெம்பிள் கிராண்டின், 1995-இல் எழுதிய நூலில் தம் மனம் படங்களால் இயங்குவதை விவரித்தபோது, ஆட்டிசம் உடைய பிறரும் தம்மைப் போன்றவர்களே என்று கருதியிருந்தார். பின்னர் வாசகர்களும் அன்பர்களும் தங்கள் அனுபவங்களைச் சொல்லக் கேட்டு, படங்களால் சிந்திப்போர், அமைப்பு ஒழுங்குகளால் சிந்திப்போர், சொற்களால் சிந்திப்போர் என்று வகை பிரித்துத் தம் கருத்தைத் தாமே திருத்திக்கொண்டார். மூலநூலாசிரியரே கைவிட்ட கொள்கையை நம்மவர்கள் இன்னும் பிரசாரம் செய்துகொண்டிருப்பது விநோதம்.

‘பயிற்சி இல்லாமல் தானாக வந்த வரம்’ என்பதும் ஆராயத்தக்கது. எந்தத் தேதியைச் சொன்னாலும் கிழமையைச் சொல்லிவிடும் சிறுவனைக் கண்டு நாம் பிரமிக்கிறோம். ஆனால், ஆண்டுகள் எத்தனை வந்தாலும் நாட்காட்டி பதினான்கு வகைதான். ஜனவரி முதல் தேதி ஏழு கிழமைகளில் ஒன்றில் விழ வேண்டும், ஆண்டு லீப் ஆண்டாகவோ சாதாரண ஆண்டாகவோ இருக்க வேண்டும், அவ்வளவே. இடையில் லீப் ஆண்டாகாத நூற்றாண்டு வருடம் குறுக்கிடாவிட்டால் இருபத்தெட்டு ஆண்டுக்கொரு முறை எல்லாம் அதே வரிசையில் திரும்பி வரும். லண்டனில் பியாட்டே ஹெர்மலினும் நீல் ஓ’கானரும் இத்தகையோரைச் சோதித்தபோது, கேட்கப்பட்ட ஆண்டு நிகழ்காலத்திலிருந்து விலக விலக, விடை வருவதற்கும் அதிக நேரம் பிடித்தது. வெறும் வரமாயின் இந்தத் தாமதம் எதற்கு? உள்ளே கணக்கு நடக்கிறது. நாட்காட்டியோடு தனிமையில் கழித்த எத்தனையோ மணி நேரங்கள் அந்தக் கணக்குக்குப் பின்னால் இருக்கின்றன. அந்த உழைப்பை வரமென்று பெயரிட்டு மறைப்பது அச்சிறுவனுக்குச் செய்யும் அநீதி.

எல்லாவற்றிலும் அபாயகரமானது, ‘பேச்சைக் கற்பித்தால் வித்தை போய்விடும்’ என்ற எச்சரிக்கை. இங்கிலாந்தில், மூன்றரை வயதிலேயே துள்ளும் குதிரைகளை உயிர்ப்போடு வரைந்த நாடியா என்ற சிறுமிக்குப் பேச்சு வளர்ந்த காலத்தில் ஓவியத் திறன் மங்கியதை, 1977-இல் லோர்னா செல்ஃப் எழுதிய நூல் பதிவு செய்தது உண்மை. ஒரே குழந்தையின் சரித்திரத்தை விதியாக்கி, பேச்சுப் பயிற்சிக்குத் தயங்கும் பெற்றோரை என்னென்பது? லண்டன் ஓவியர் ஸ்டீபன் வில்ட்ஷயரை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். பேச்சில்லாத சிறுவனாக இருந்த அவரிடமிருந்து ஆசிரியர்கள் வரைபொருள்களைச் சிறிது நேரம் எடுத்து வைக்க, அவற்றைக் கேட்டு அவர் சொன்ன முதல் சொல் ‘காகிதம்’. பின்னர் அவர் கலைப்பள்ளியில் சேர்ந்து முறையாகவும் பயின்றார். 2005-இல் டோக்கியோ நகரை ஹெலிகாப்டரிலிருந்து சிறிது நேரம் பார்த்துவிட்டு, பத்து மீட்டர் நீளத் துணியில் நினைவிலிருந்தே அதை வரைந்து முடித்தபோது, அவருக்குப் பேச்சு வந்து இருபது ஆண்டுகள் கடந்திருந்தன.