போத்தல் தெரியும், பாணி தெரியாது

பார்சலுக்குள் போத்தலை மறைத்து அனுப்பினால் கண்டுபிடிப்பார்களா? பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, கண்டியிலும் கம்பளையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் வாழும் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது. மகளுக்குக் கித்துள் பாணியையோ மூலிகை எண்ணெயையோ அனுப்ப விரும்புகிறார்கள். போத்தலைச் சேலைக்குள் சுற்றி, சுங்கப் படிவத்தில் 'துணிமணி' என்று எழுதிவிடுகிறார்கள்.

எக்ஸ்றே இயந்திரத்துக்குப் போத்தல் தெரியும். துணியின் நடுவே திரவம் நிறைந்த உருளை தனியாகத் துலங்கும். ஆனால் உள்ளே இருப்பது பாணியா, எண்ணெயா, தண்ணீரா என்பதை அந்தப் படம் உறுதியாகச் சொல்லாது. சேதனப் பொருள்கள் எல்லாம் திரையில் ஏறத்தாழ ஒரே செம்மஞ்சள் நிறத்திலேயே தோன்றும். 2010 ஒக்டோபரில் யேமனிலிருந்து வந்த இரு பொதிகளில், அச்சு இயந்திர மைக்கூடுகளுக்குள் வெடிமருந்து இருந்தது. அவை அகப்பட்டது இயந்திரத்தால் அன்று, முன்கூட்டிக் கிடைத்த உளவுத் தகவலால்.

ஆகவே அதிகாரி படத்தையும் படிவத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். 'துணிமணி' என்ற பொதியில் போத்தல் தெரிந்தால் சந்தேகம் எழுவது இயல்பு. 2021 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் செல்லும் பொதிகளின் விவரம் மின்னணு வழியில் முன்னதாகவே சென்றாக வேண்டும். அமெரிக்காவும் 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவ்வாறே கேட்கிறது. பொய் எழுதினால், அது பொதிக்கு முன்பே போய்ச் சேரும்.

இயந்திரத்துக்குத் தப்பினாலும் கசிவு காட்டிக்கொடுக்கும். பறக்கும் விமானத்தினுள் காற்றழுத்தம் ஏறத்தாழ 8,000 அடி உயரத்தில், அதாவது நம் பிதுருதலாகல மலையுச்சியில், இருக்கும் அளவுக்குக் குறைகிறது. போத்தலில் அடைபட்ட காற்று விரிந்து, இறுகாத மூடி வழியே பாணியை வெளியே தள்ளும். நனைவது நம் சேலை மட்டுமா? அதே பையில் கிடக்கும் இன்னொரு தாயின் பொதியும், யாரோ ஒருவரின் சான்றிதழும் பாழாகும். மறைத்து அனுப்புவதை நான் ஏற்காததற்கு முதற்காரணம் இதுவே.

உண்மையில், திரவம் என்பதற்காகவே உலகத் தபால் ஒன்றியம் எதையும் தடுக்கவில்லை. கசியாத கலத்தில் அடைத்து, உடைந்தால் உறிஞ்சிக்கொள்ளும் பொருளோடு தனிப்பெட்டியில் வைக்க வேண்டும் என்பதே அதன் விதி. எளிதில் தீப்பற்றும் திரவங்களுக்குத் தடை உண்டு. வாசனைத் திரவியமும் சாராயமும் அந்தச் சிக்கலில் மாட்டும். பாணி அப்படிப்பட்டதன்று. போய்ச்சேரும் நாட்டின் உணவு விதியை மட்டும் முன்னரே விசாரித்துக்கொள்வது நல்லது.

பின் ஏன் மறைக்கிறார்கள்? பெரும்பாலும் அறியாமையும் அச்சமுமே காரணம். சுங்கப் படிவத்தை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ, சேருமிட நாடு ஏற்கும் மொழியிலோதான் நிரப்ப வேண்டும். தமிழ் மட்டுமே அறிந்த தோட்டத்துத் தாய், கித்துள் பாணிக்கு ஆங்கிலத்தில் என்ன எழுதுவாள்? தெரிந்தவர் ஒருவர் எழுதித் தரும் 'துணிமணி'யோடு அவள் திரும்புகிறாள். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அதன் பயன் தபாலகக் கருமபீடம் வரை வந்தாக வேண்டும்.

அனுப்பக்கூடியவை, கூடாதவை, பொதி கட்டும் முறை, வழக்கமான பொருள்களின் ஆங்கிலப் பெயர் ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்ட ஒரு தாள் ஒவ்வொரு கருமபீடத்திலும் இருக்கட்டும். தபால் திணைக்களத்துக்கு இது பெருஞ்செலவன்று. உள்ளதை உள்ளபடி எழுத வழியிருந்தால், பெரும்பாலானோர் உண்மையையே எழுதுவார்கள்.