திரும்பி வரும் பேருந்தே பயணியரைச் சேர்க்கும்

சிற்றூர்ப் பேருந்துகளில் கூட்டம் இல்லை என்று முறையிடும் நிர்வாகங்கள் பெரும்பாலும் நாடும் தீர்வு ஒன்றே: வசூல் குறைந்த நடையை நிறுத்திவிடுவது. அந்தத் தீர்வே நோயை வளர்க்கிறது. கேரளத்தின் ‘கிராம வண்டி’த் திட்டத்தை முன்வைத்து இதை எண்ணிப் பார்க்கலாம்.

2022 ஜூலையில் திருவனந்தபுரம் மாவட்டத்துக் கொல்லயில் ஊராட்சியில் இத்திட்டம் தொடங்கப்பட்டது. ஏற்பாடு எளிமையானது. பேருந்து, ஓட்டுநர், நடத்துநர், பராமரிப்பு ஆகியவை மாநிலப் போக்குவரத்துக் கழகத்தின் பொறுப்பு. டீசல் செலவு உள்ளாட்சியின் பொறுப்பு. செலவை ஏற்பதால், வண்டி எவ்வழியில், எந்நேரத்தில் ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் இடம் உள்ளாட்சிக்குக் கிடைக்கிறது. திட்டத்தின் உயிர்நாடி இந்த உரிமைதான்.

எவரும் போகும் வண்டியை மட்டும் பார்த்துப் பேருந்தை நம்புவதில்லை. வரும் வண்டியையும் பார்க்கின்றனர். இரவு எட்டு மணி வண்டியில் ஆறு பேரே வருகின்றனர் என்று கொள்வோம். கணக்கேட்டில் அது நட்டம். ஆனால் அந்த ஆறு பேரும் காலை வண்டியில் ஏறியவர்கள். இரவு நடை நின்றால் காலையிலும் அறுவர் குறைவர். அவர்களோடு, என்றேனும் நேரமானால் எட்டு மணி வண்டி இருக்கிறது என்ற துணிவில் சென்றுவந்த மற்றவர்களும் விலகுவர். பிறகு காலை நடையும் ‘வசூல் குறைந்த நடை’ ஆகிவிடும். இயன்றவர் இருசக்கர வாகனம் வாங்குவர். இயலாதவர், குறிப்பாக நகரத்துத் துணிக்கடையில் நிற்கும் பெண், வேலையையே விடுவார்.

கேரளத்துக்கு இது புதிய பாடமன்று. இரவுக் கடைசி நடையாக ஊருக்குள் வந்து, அங்கேயே தங்கி, விடியற்காலையில் முதல் நடையாகப் புறப்படும் ‘ஸ்டே பஸ்’ அங்கே நெடுநாள் வழக்கம். போகவும் வரவும் வண்டி உண்டு என்ற உறுதியை அது ஊருக்குத் தந்தது.

கட்டணத்தை நீக்கினால் கூட்டம் கூடும் என்பதும் மெய்யே. கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 அன்று தொடங்கிய ‘சக்தி’ திட்டத்தின் இலவசப் பயணம் பெண் பயணியரின் எண்ணிக்கையைப் பெரிதும் உயர்த்தியது. ஆயினும் வண்டியே வராத ஊரில் இலவசச் சீட்டால் பயனில்லை.

வருவாய் குறைந்த ஊராட்சி டீசல் செலவை எவ்வாறு தாங்கும் என்ற வினா நியாயமானது. அண்டை ஊராட்சிகள் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். அதுவும் இயலாத மலையோர, கடலோர ஊர்களுக்கு மாநில அரசே பங்களிக்க வேண்டும். வசதியுள்ள ஊருக்கு மட்டும் வண்டி என்றாகிவிடக் கூடாது.

செய்ய வேண்டியவை மூன்று. நடைவாரியாக அன்றி, ஒரு நாளின் எல்லா நடைகளையும் சேர்த்தே வசூலை மதிப்பிட வேண்டும். கிராம சபையிலும் குடும்பஸ்ரீ அயல்கூட்டங்களிலும் கேட்டு நேர அட்டவணையை வகுக்க வேண்டும். வகுத்ததை ஒரு கல்வியாண்டு முழுவதும் மாற்றாமல் காக்க வேண்டும். புதிய வண்டியை ஊர் நம்பத் தொடங்க அவ்வளவு காலமாவது தேவை.

கடைசி நடையில் அமர்ந்திருக்கும் ஆறு பேரை நட்டக் கணக்கில் எழுதும் வரை, முதல் நடையில் கூட்டம் சேராது.