அடித்தட்டை முதலில் பாருங்கள்



தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்று நம் பகுதியில் வாடிவாசல்கள் திறக்கின்றன. அந்நாட்களில் வில்லாபுரத்தைக் கடந்து அவனியாபுரம் செல்லும் சாலையில் நிற்பவர், காளைகளை மட்டுமன்றி அவற்றைச் சுமந்து வரும் வண்டிகளையும் காண்கிறார். அவற்றுள் புதியவை சிலவே. மற்றவை காய்கறியும் செங்கல்லும் ஏற்றிப் பல கை மாறி வந்த சிறு லாரிகள். மக்கள் செல்லமாகக் 'குட்டியானை' என்றழைக்கும் வண்டிகள்.

"பழைய வண்டி ஒன்று விலைக்கு வருகிறது. குறைந்த செலவில் சீர்படுத்திக் காளை ஏற்றலாமா, சாமி?" என்று நம் இளைஞர் ஒருவர் அண்மையில் கேட்டார். அவர் கையிலிருந்த தொகை சிறியது; அதிலும் ஒரு பகுதி கடன். இக்கேள்வி பல குடும்பங்களுக்கும் உரியதாதலால் இம்மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன். காளையின் கால்கள் மட்டுமன்று, அதனருகே நின்று வருபவரின் உயிரும், பின்னால் இருசக்கர வண்டியில் வருபவரின் உயிரும் இதில் அடங்கியுள்ளன.

மேலைநாடுகளில் குதிரையை ஏற்றிச் செல்வதற்கென்றே காரின் பின்னே பூட்டி இழுக்கும் கூண்டு வண்டிகள் உண்டு. பழைய கூண்டு வண்டி வாங்குவோருக்கு அங்கே சொல்லப்படும் முதல் எச்சரிக்கை தரையைப் பற்றியது. சிறுநீரும் கழுவிய நீரும் பலகைக்கும் சட்டத்திற்கும் இடையே தங்கி மரத்தை உளுக்கச் செய்கின்றன, இரும்பை அரிக்கின்றன. மேலே விரிப்பு கிடப்பதால் கேடு கண்ணுக்குத் தெரிவதில்லை. வண்டி ஓடும்போதே தரை உடைந்து குதிரையின் கால் சாலையில் தேய்ந்த கொடுமைகளும் நேர்ந்துள்ளன. நம் ஊர் வண்டிக்கும் இதே நியதிதான். 300, 400 கிலோ எடையுள்ள காளை நான்கு சிறு குளம்புகளின்மீது நிற்கிறது. அக்குளம்புகளுக்கு அடியில் இருப்பது என்ன என்பதே முதற்கேள்வி.

ஆகவே வண்டி பார்க்கச் செல்லும்போது ஒரு சுத்தியல், ஒரு திருப்புளி, ஒரு காந்தத் துண்டு ஆகிய மூன்றையும் உடன் கொண்டு செல்லுங்கள். விரிப்பையும் பலகையையும் தூக்கச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் அதுவே ஒரு விடை. இரும்புத் தகட்டைச் சுத்தியலால் தட்டினால் நல்ல தகடு கணீரென ஒலிக்கும். அரித்தது மொத்தென்று ஒலிக்கும். பலகையில் திருப்புளி எளிதாக இறங்கினால் அம்மரம் உளுத்துவிட்டது. ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து வண்ணம் பூசியிருந்தால் அவ்விடத்தில் காந்தம் பிடிக்காது. பின்னர் வண்டிக்கு அடியில் குனிந்து சேசிஸ் என்னும் அடிச்சட்டத்தை நுனி முதல் நுனி வரை பாருங்கள். அதில் விரிசலோ, விரிசலை மூடிய பழைய வெல்டிங்கோ இருந்தால், விலை எவ்வளவு மலிவாயினும் திரும்பி வந்துவிடுங்கள். அதனைச் சீர்படுத்துவது ஏழைக்கு ஏற்ற செலவன்று.

டயரில் பட்டை ஆழமாக இருந்தால் நல்லது என்று எண்ணுகிறோம். ஓடாமல் வெயிலில் நின்ற டயரில் பட்டை தேயாது. ஆனால் ரப்பர் இறுகி வெடிப்பு விடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். அதனைப் படித்துப் பார்த்து வயதை அறியலாம்.

வாங்கியபின் கையிலுள்ள பணத்தை எவ்வரிசையில் செலவிடுவது? முதலில் பிரேக், டயர், ஸ்பிரிங் பட்டை, சக்கர பேரிங், பின்விளக்கு. காளையின் எடை உயரத்தில் நிற்பதால் திருப்பத்தில் வண்டி ஒருபுறம் சாயும். தளர்ந்த ஸ்பிரிங் அதனைத் தாங்காது. இரண்டாவதாகத் தரை. அரித்த இடத்தை வெட்டியெடுத்துத் துரு நீங்கத் தேய்த்த பின்னரே புதுத் தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும். துருவின்மேல் வைத்த வெல்டிங் நிலைக்காது. வெல்டிங் தொடங்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். பின்பு துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் நீர் வடிய இடைவெளி விட்ட பலகை, அதன்மேல் தேங்காய் நார்ப் பாய். வெறும் இரும்புத் தகட்டில் சாணம் பட்டால் எந்த விலங்கும் வழுக்கி விழும்.

மூன்றாவது, பக்கத் தடுப்பு. வைக்கோல் திணித்த பழைய சாக்குகளை உட்புறம் வரிசையாகக் கட்டினால் போதிய மெத்தை கிடைத்துவிடும். ஏற்றி இறக்கச் சாய்வுப் பலகை செய்யப் பணமில்லையெனில், கண்மாய்க் கரையையோ மண்மேட்டையோ ஒட்டி வண்டியைப் பின்னோக்கி நிறுத்துங்கள், செலவு ஏதுமில்லை. காளையைக் கீழே குதிக்க வைப்பது காலை முறிக்கும் வழி. மூக்கணாங்கயிற்றைக் கம்பியில் கட்டாதீர்கள். பிரேக் பிடிக்கும்போது மூக்கு கிழியும். கழுத்துக் கயிற்றை, அவசரத்தில் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகக் கட்டுங்கள்.

சட்டத்தையும் அறிந்திருத்தல் நலம். 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள், தரையில் வழுக்காத விரிப்பு வேண்டும், மாடுகளுடன் வேறு சரக்கு ஏற்றலாகாது, ஒரு பராமரிப்பாளர் உடன் செல்ல வேண்டும் என்கின்றன. மாடுகள் இயன்றவரை எஞ்சினை நோக்கி நிற்க வேண்டும். குதிரையாயின் எதிரே வரும் வண்டிகளைக் கண்டு மிரளாதபடி தலை இடப்புறம் நோக்க வேண்டும். 2016 சனவரி முதல் நடப்பிலுள்ள மோட்டார் வாகன விதி, மாடு ஒன்றுக்கு 2 சதுர மீட்டரும் குதிரை ஒன்றுக்கு 2.25 சதுர மீட்டரும் தரை இடம் கேட்கிறது. குட்டியானையின் தட்டு ஏறத்தாழ ஏழடி நீளமும் ஐந்தடி அகலமும் உடையது. அதாவது மூன்று சதுர மீட்டருக்குச் சற்று மேல். ஆகவே அதில் ஒரு காளைக்கே இடமுண்டு. வாடகையை மிச்சப்படுத்த இரண்டை நெருக்கி ஏற்றுவோர் கணக்கை மறந்தவர்கள்.

இன்னொன்று. பதிவுப் புத்தகத்திலுள்ள விவரத்திற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கிறது. பக்கச் சட்டங்களை உயர்த்துமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு அனுமதி பெறுங்கள். எப்.சி., இன்சூரன்ஸ், பழைய பைனான்ஸ் கடன் தீர்ந்ததற்கான சான்று ஆகியவற்றை விலை பேசுமுன்பே கண்ணால் பாருங்கள். வண்டி எட்டு ஆண்டுகளைக் கடந்ததாயின் எப்.சி.யை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய செலவையும் கணக்கில் சேருங்கள்.

வண்ணமும் பெயரெழுத்தும் இறுதியில் வரட்டும். திருவிவிலியத்தில் முதன்முதல் விலங்குகளைச் சுமந்தது நோவாவின் பேழை. அதற்கான கட்டளையில் மரம் எது, அளவு என்ன, உள்ளே அறைகள், உள்ளும் புறமும் கீல் என்பனவெல்லாம் உள்ளன. வண்ணம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வாடிவாசலில் பிறர் பார்க்கப் பளபளப்பதற்காக வட்டிக்கு வாங்குவது வேண்டா. அக்கடனை அடைப்பவர் பெரும்பாலும் வீட்டிலுள்ள தாயோ மனைவியோதான். பழைய வண்டி வாங்குமுன் அவர்களையும் அமர வைத்துக் கணக்குப் பாருங்கள்.

ஒவ்வொரு பயணத்திற்குப் பின்னும் பாயைத் தூக்கித் தரையைக் கழுவி வெயிலில் உலர விடுங்கள். காளைக்கு முதலில் தண்ணீர் காட்டுங்கள். பிறகு வண்டியைக் கவனியுங்கள்.

உங்கள் இல்லங்களிலும் தொழுவங்களிலும் நலம் பெருகுக.