இலவச யானையும் அங்குசமும்

கல்லூரி ஆய்வகத்தில் காசு கொடுத்து வாங்கிய மேட்லேப். அதே மாணவனின் விடுதி அறையில், நண்பனின் பென்டிரைவில் வந்து சேர்ந்த 'கிராக்' மேட்லேப். பொறியியல் படித்த பலருக்கு இந்தக் காட்சி புதிதல்ல. கல்லூரியின் உரிமம் ஆய்வகக் கணினிகளுக்கு மட்டும்தான் என்றால், மாலையில் ஆய்வகத்தைப் பூட்டியதும் மாணவனின் படிப்பும் பூட்டப்படுகிறது. சொந்தமாக வாங்க வசதியில்லாதவன் என்ன செய்வான்? திருட்டு நகலைத் தேடிப் போகிறான். ஒரு வகையில் பாடத்திட்டமே அவனை அங்கே அனுப்புகிறது.

இதற்கு மாற்று பல ஆண்டுகளாகவே இருக்கிறது. அதன் பெயர் ஆக்டேவ். வேதிப் பொறியியல் பாடநூல் ஒன்றுக்குத் துணையாக இருக்கட்டுமே என்று தொடங்கிய திட்டம் அது. ஜான் ஈட்டன் 1992-இல் அதை முழுமூச்சாக எழுதத் தொடங்கினார். தன் பேராசிரியர் ஆக்டேவ் லெவன்ஸ்பீலின் பெயரையே அதற்கு வைத்தார். முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர் போடும் அணிக் கணக்குகளுக்கும் வரைபடங்களுக்கும் இது தாராளமாகப் போதும். 60 கணினியில் நிறுவினாலும் 600 கணினியில் நிறுவினாலும் உரிமக் கட்டணம் ஒன்றுதான்: பூஜ்ஜியம்.

"ஓசியில் கிடைப்பது உருப்படியாக இருக்குமா?" என்று கேட்பவர்கள் உண்டு. புள்ளியியல் துறைகள் இன்று கொண்டாடும் 'ஆர்' மொழி, நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆசிரியர்கள் 1990-களில் உருவாக்கிய திறந்த மூல மென்பொருள்தான். தரத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் "மென்பொருள் இலவசம், ஆகவே செலவே இல்லை" என்று நிர்வாகம் கணக்குப் போட்டால் அங்கேதான் கோட்டை விடுகிறது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2005-இல் மூடுல் என்ற திறந்த மூலக் கற்றல் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தது. மூடுலுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. ஆனாலும் அதை அடித்தளமாக வைத்துத் தன் இணையவழிக் கல்வியைக் கட்டி எழுப்ப, ஏறக்குறைய 50 லட்சம் பவுண்டு ஒதுக்கியது. யானை சும்மா கிடைத்தாலும் அங்குசத்துக்கும் பாகனுக்கும் காசு வேண்டும் அல்லவா? சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும், ஆய்வகக் கையேடுகளைத் திருத்தி எழுத வேண்டும்.

அந்தப் பணம் வெளியே போகாமல் உள்ளேயே தங்குகிறது என்பதுதான் பெரிய வேறுபாடு. உரிமத்துக்குக் கட்டிய தொகை ஆண்டு முடிந்ததும் கரைந்துவிடும். பயிற்சி பெற்ற ஆசிரியர் அடுத்த ஆண்டும் பாடம் நடத்துவார்.

இன்னொரு குழப்பமும் உண்டு. இலவசம் வேறு, திறந்த மூலம் வேறு. கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாச் சேமிப்பிடம் தந்துவந்த கூகுள், 2021-இல் அதற்கு முற்றுப்புள்ளி வைப்பதாக அறிவித்தது. நிறுவனம் முழுவதற்கும் பொதுவாக 100 டெராபைட் என்று அடிப்படை வரம்பு வந்தது. கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். திறந்த மூல மென்பொருளில் கையிலிருக்கும் நிரல் கையிலேயே இருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்வதும் முட்டாள்தனம். சிமுலிங்க் செய்யும் எல்லா வேலையையும் ஆக்டேவ் செய்யாது. அது தேவைப்படும் மூத்த மாணவர்களுக்குச் சில உரிமங்களை வாங்கட்டும். முதலாண்டு ஆய்வகத்தை மட்டும் ஒரு செமஸ்டர் மாற்றிப் பார்க்கட்டும். மிச்சமாகும் பணத்தில் பாதியையாவது பயிற்சிக்கென்று எழுதி வைக்கட்டும். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழிலும் கிடைக்கின்றன. பயிற்சியை அங்கிருந்தே தொடங்கலாம்.

பட்டம் வாங்கி வெளியே வரும் மாணவனிடம் கல்லூரியின் உரிமம் இருக்காது. அவன் கற்ற கருவியாவது அவனோடு வீட்டுக்குப் போகட்டுமே.