அழைக்காமல் ஓடிவருபவர்கள்

சிங்கப்பூரின் கேலாங் ரோட்டிலிருந்து கடலை நோக்கிப் போகும் தஞ்சோங் காத்தோங் ரோட்டின் தென்கோடியில், 2025 ஜூலை 26 மாலை தரை உள்வாங்கி ஒரு கார் புதைகுழிக்குள் விழுந்தது. அருகில் கட்டுமானத் தளத்தில் இருந்த ஏழு வெளிநாட்டு ஊழியர்கள் கயிற்றை வீசி, காரோட்டிய பெண்ணைச் சில நிமிடங்களில் மேலே இழுத்துவிட்டார்கள். பதறிப்போய் குழிக்குள் குதிக்காமல் கயிற்றை எடுத்தார்களே, அதுதான் தொழிலறிவு.

அதே ஆண்டு ஏப்ரல் 8ஆம் தேதி ரிவர் வேலி ரோட்டுக் கடைவீட்டில் தீப்பிடித்தபோதும், மூன்றாம் மாடியில் சிக்கிய பிள்ளைகளைச் சாரம் போட்டு இறக்கியவர்கள் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஊழியர்கள்தான். இரண்டு முறையும் மனிதவள அமைச்சு பாராட்டு நாணயம் வழங்கியது. நாணயம் மட்டும் போதுமா என்று ஊரே வாதாடியது. வாதாட வேண்டியதுதான். ஆனால், அடுத்த முறை இவர்களை யார் வழிநடத்துவது என்று கேட்டவர்கள் குறைவு.

லிட்டில் இந்தியாவுக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. 1986 மார்ச் 15 அன்று சிராங்கூன் ரோடும் ஓவன் ரோடும் சந்திக்கும் இடத்தில் ஹோட்டல் நியூ வோர்ல்டு இடிந்து விழுந்தது. எம்ஆர்டி சுரங்கப் பணியில் இருந்த வெளிநாட்டு நிபுணர்கள் தாமாகவே வந்து நின்றார்கள். மேலிருந்து கனரக இயந்திரங்களால் அள்ளினால், உள்ளே உயிரோடு இருப்பவர்கள்மேல் இடிபாடு சரியும். அடியில் சுரங்கம் தோண்டிப் போகலாம் என்றார்கள். அதிகாரிகள் காதுகொடுத்துக் கேட்டார்கள். அந்த விபத்தில் 33 பேர் மாண்டார்கள், 17 பேர் மீட்கப்பட்டார்கள்.

மாறாக, ஒழுங்கில்லாத நல்லெண்ணம் என்ன செய்யும் என்பதை 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் பார்த்தது. வண்டி வண்டியாக வந்த பழைய துணி, யாரும் கட்டாமல் சாலையோரம் குவிந்தது. தொண்டு நிறுவனங்களை ஒருங்கிணைக்க ஒரு மையம் ஏற்பட்ட பிறகுதான் யாருக்கு என்ன தேவை என்ற கணக்கு வந்தது.

அப்படி ஒருங்கிணைக்க இங்கே ஒரு முன்மாதிரி ஏற்கெனவே இருக்கிறது. சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் 'மைரெஸ்பாண்டர்' செயலி, அருகில் யாருக்காவது இதயத் துடிப்பு நின்றுபோனால் பதிந்துகொண்டவர்களின் கைப்பேசிக்குத் தகவல் அனுப்புகிறது. சாரம் கட்டவும் பள்ளம் தோண்டவும் தெரிந்த ஊழியர்களுக்கும் அப்படியொரு பட்டியல் வேண்டும். கட்டுமானத் தளம்தோறும் ஒரு பொறுப்பாளர், அவருக்குப் படையோடு நேரடித் தொடர்பு, கேலாங்கிலும் லிட்டில் இந்தியாவிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழிலும் வங்காள மொழியிலும் பயிற்சி. படையும் கட்டுமான நிறுவனங்களும் இதை அடுத்த விபத்துக்கு முன்பே தொடங்க வேண்டும்.