கணினி கற்பவர் தமிழைக் கைவிட வேண்டுமா?

க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு தடவையும் யாழ்.குடாநாட்டு வீடுகளில் ஒரே விதமான பேச்சே எழுகின்றது. கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் சிறந்த சித்தி பெற்றோர் கணிதப் பிரிவுக்கோ உயிரியற் பிரிவுக்கோ அனுப்பப்படுகின்றனர். எஞ்சியோருக்கே கலைப்பிரிவு என்பது எழுதப்படாத சட்டமாகிவிட்டது. இலக்கியத்திலும் மெய்யியலிலும் நாட்டமுள்ள கெட்டிக்கார மாணவர் பதினாறு வயதிலேயே அந்த நாட்டத்தை ஒதுக்கிவைக்க நேரிடுகின்றது. கலைப்பிரிவுக்குச் செல்பவரோ, கணினி தமக்குரியதல்ல என்ற எண்ணத்துடனேயே பட்டம் பெற்று வெளியேறுகின்றார். வேலையற்ற பட்டதாரிகள் 2017இல் யாழ்ப்பாணத்தில் வாரக்கணக்கில் வீதியோரத்தில் அமர்ந்திருந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. இவ்விரு இழப்புகளும் ஒரே பிழையின் விளைவுகள் என்றே நாம் கருதுகின்றோம்.

இந்தப் பிரிவினை எமது மண்ணின் கல்வி மரபுக்கு உரியதல்ல. 1823இல் தொடங்கப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியில் கணிதமும் வானியலும் தமிழும் ஒரே மாணவருக்குக் கற்பிக்கப்பட்டன. அங்கு கற்ற சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, தமிழகத்தில் அரசாங்கக் கணக்குத் துறையிலும் பின்னர் நீதித்துறையிலும் பணியாற்றியவாறே ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்தார். கலித்தொகை 1887இல் அச்சேறியது அவரது உழைப்பினாலாகும். அதற்கு முன்னரே, 1849இல், ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவியிருந்தார். அன்று அச்சு இயந்திரமே புதிய தொழில்நுட்பம். அதனைக் கற்றவர்களும் தமிழைக் கற்றவர்களும் வெவ்வேறு கூட்டத்தினராக இருந்திருப்பின், இன்று நாம் வாசிக்கும் பழந்தமிழ் நூல்களுட் பல செல்லுக்கு இரையாகியிருக்கும்.

அந்த மரபு முற்றாக அறுந்துவிடவுமில்லை. யாழ்ப்பாணத்திற் பிறந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன், வளைகுடா நாட்டில் தொழில் புரிந்துகொண்டே 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடித்தளமிட்டார். அது 2017இல் ஓர் இலட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. 1981இல் யாழ். பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகின. அத்தகைய அழிவு மீண்டும் நேராதிருக்க வேண்டும் என்ற உணர்வு எமது சமூகத்தில் ஆழப் பதிந்துள்ளது. தி. கோபிநாத், மு. மயூரன் முதலானோர் 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் அந்த உணர்வுக்குச் செயல்வடிவம் தந்தது. ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் பல்லாயிரக்கணக்கில் அங்கே ஆவணமாக்கப்பட்டுள்ளன. சுவிற்சர்லாந்தில் வாழும் இரசாயன விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் 1998இல் தொடக்கிய மதுரைத் திட்டமும் இவ்வகையினதே.

இவற்றைப் பெருமையுடன் பட்டியலிடுவது எளிது. ஆயினும் ஓர் உண்மையை நாம் மறைத்தலாகாது. இப்பணிகள் பெரும்பாலும் தன்னார்வலர்களின் ஓய்வு நேரத்திலேயே நடைபெற்று வந்துள்ளன. பகலில் சம்பளத்துக்கு வேலை, இரவில் தமிழுக்கு வேலை என்ற வாழ்வு ஒரு சிலருக்கே இயலும். திருமணமும் பிள்ளைகளும் பொறுப்புகளும் வந்தபின் பலர் விலகிச் செல்வது இயல்பு. ஒரு சமூகத்தின் ஆவணங்கள் தனிமனிதரின் ஓய்வு நேரத்தை மட்டுமே நம்பியிருக்க முடியாது. ஆகவே, தமிழார்வமும் தொழில்நுட்ப அறிவும் ஒருங்கே உடையோருக்குச் சம்பளம் தரும் பதவிகள் உருவாகவேண்டும்.

அத்தகையோரின் தேவை கற்பனையானதன்று. முஸ்லிம் மக்களின் அரபுத்தமிழ் ஏடுகளை உதாரணமாகக் கொள்வோம். தமிழ் மொழியை அரபு எழுத்தில் எழுதிய இம்மரபில், தமிழுக்கேயுரிய ஒலிகளைக் குறிக்க அரபு எழுத்துகளுடன் மேலதிக புள்ளிகள் சேர்க்கப்பட்டன. அவற்றைக் கணினி வாசிக்கவேண்டுமாயின், அரபெழுத்தை மதரஸாவிற் கற்று, தமிழின் நடையை உணர்ந்து, நிரல் எழுதவும் தெரிந்த ஒருவர் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேலை நடவாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் குடாநாட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் கையில் எடுத்துச்செல்ல முடிந்தவை மிகச் சொற்பம். அவர்களது குடும்ப ஏடுகள், பள்ளிவாசற் பதிவுகள், பாடசாலை மலர்கள் ஆகியவற்றுள் எஞ்சியவற்றைத் தேடித் தொகுப்பது யாழ்ப்பாணத்தின் முழுமையான வரலாற்றுக்கே இன்றியமையாதது. வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்து, இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிமாகத் திகழ்ந்து, தமிழில் நூல்களும் எழுதிய அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் இந்த மண்ணின் மைந்தரேயாவார்.

இன்று செயற்கை நுண்ணறிவு தமிழிலும் விடையளிக்கின்றது. இயந்திரம் தனக்கு ஊட்டப்பட்ட எழுத்துகளிலிருந்தே மொழியைக் கற்கின்றது. எண்ணிம வடிவம் பெறாத ஈழத்துத் தமிழும் முஸ்லிம்களின் தமிழும் அதற்கு இல்லாதவையே. எது சரியான விடை, எது நீதியான விடை என்று ஆராய்வதற்கு மெய்யியலும் தேவைப்படுகின்றது. 'அல்கோரிதம்' என்ற சொல்லே ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்ததாகும். எமது உயர்தரக் கலைப்பிரிவில் கற்பிக்கப்படும் 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' என்ற பாடம் கணினியின் அடிப்படையான தருக்கத்தையே பேசுகின்றது. அதனைக் கற்கும் மாணவரிடம் எவரேனும் இதனைக் கூறியதுண்டா?

பெற்றோரின் அச்சத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியைக் கண்ட எவரும், பிள்ளைக்கு நிலையான தொழில் வேண்டுமென்று விரும்புவதில் தவறில்லை. இலக்கிய ஆர்வத்தை மட்டும் நம்பித் தொழிலைக் கைவிடுமாறு எந்த இளைஞருக்கும் நாம் கூறமாட்டோம். இன்றைய நிலையில், தொழில்நுட்பத் தகைமையொன்றைப் பெற்றுக்கொண்டு வாசிப்பையும் தமிழறிவையும் விடாது வளர்ப்பதே அவர்களுக்கு உகந்த வழி.

ஆனால், அந்த வழியை அகலமாக்கும் பொறுப்பு மூத்தோருடையது. கலைப்பிரிவு மாணவர் தகவல் தொழில்நுட்பத்தையும் ஒரு பாடமாகக் கற்பதற்கு ஆசிரியரையும் கணினிகளையும் வழங்குதல் மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கடமை. யாழ்.பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் தமிழும் மெய்யியலும் கணினி விஞ்ஞானமும் கூப்பிடு தூரத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. இத்துறைகள் இணைந்து ஒரு கற்கைநெறியை வகுப்பதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஊருக்கு மண்டபமும் கோபுரமும் கட்ட நிதியுதவும் புலம்பெயர் உறவுகள், ஓர் ஆவணக்காப்பாளரின் ஐந்தாண்டுச் சம்பளத்தையும் பொறுப்பேற்கலாம். பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் தத்தம் பழைய பதிவேடுகளை இளைஞர் படியெடுக்க அனுமதிக்கலாம்.

காகிதம் காத்திருக்காது. கரையானும் ஈரமும் ஒவ்வொரு மாரியிலும் தம் வேலையைச் செய்கின்றன. அவற்றை முந்திக்கொள்ளக்கூடிய பிள்ளைகள் எமது வகுப்பறைகளில் இப்போது அமர்ந்திருக்கின்றனர். அவர்களிடம் தமிழா, கணினியா என்று கேட்பதை இனியேனும் நிறுத்துவோம்.