மூன்று நாளில் பரு மறைந்தால் சந்தேகப்படுங்கள்

பீடோர் - "மூன்றே நாளில் பரு மறையும்" என்று பாசார் மாலாமிலும் கைப்பேசியிலும் விற்கப்படும் முகக் களிம்புகளுக்குப் பட்டணத்திலும் தோட்டப்புறங்களிலும் ஆள் குறைவதில்லை. சுகாதார அமைச்சோ இத்தகைய பொருள்களின் பதிவை அடிக்கடி ரத்து செய்து வருகிறது. பாதரசம், ஹைட்ரோகுவினோன், திரெட்டினோயின், பெட்டாமெத்தசோன் ஆகியவையே அவற்றில் திரும்பத் திரும்பச் சிக்குகின்றன.

பெட்டாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. சிவப்பையும் வீக்கத்தையும் சட்டென அடக்கும். நாளடைவில் தோல் மெலியும். நிறுத்தினால் பரு முன்பைவிட மோசமாகக் கிளம்பலாம். பயந்துபோய் மீண்டும் அதே டப்பாவை வாங்குவார்கள். வியாபாரிக்கு நல்ல வாடிக்கைதான்!

நெடுநாள் பருவோடு போராடியவர்களுக்கு இது தெரியும். மருந்தகத்தில் கிடைக்கும் பென்சாயில் பெராக்சைடு நன்றாகப் பலன் காட்டவே 6 முதல் 8 வாரம் ஆகலாம்.

பொருளின் பெயரை அமைச்சின் மருந்தக ஒழுங்குமுறைப் பிரிவு இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். பதிவு எண் இருப்பதால் மட்டும் நம்பிவிட முடியாது. ரத்தானவற்றுக்கும் எண் இருந்தது. 1984ஆம் ஆண்டு மருந்து, அழகுப்பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி, குற்றம் புரியும் தனிநபருக்கு முதல் முறை 25,000 வெள்ளி வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

ஏற்கெனவே பூசி வருபவர்கள் டப்பாவையும் எடுத்துக்கொண்டு அரசாங்கக் கிளினிக்கிற்குப் போவது நல்லது. எதைப் பூசினோம் என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.